மடிப்பில் பிறழும் புரதம்

நுழையும்முன்

உணவைச் செரிக்கச் செய்வதும், குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும், நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்பதும் புரதங்களே. ஒவ்வொரு புரதமும் தனக்குரிய வடிவத்தில் மடிந்திருக்கும் வரையில்தான் அதன் பணி நடைபெறும். வடிவம் பிறழ்ந்தால், கரைந்து ஓட வேண்டிய புரதம் கரையாத இழையாக மாறி உறுப்புகளில் படிகிறது. இப்படிவே அமிலாய்டு எனப்படுகிறது. அது தோன்றும் முறை, அதன் வகைகள், உடலில் அது விளைவிக்கும் கேடுகள், அதை எதிர்கொள்ள மருத்துவம் கண்ட வழிகள் ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சங்கிலியும் மடிப்பும்

எழுத்துகள் வரிசையாக நின்று சொல் ஆவதைப் போல, அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்து புரதம் ஆகின்றன. இருபது வகை அமினோ அமிலங்களே உடலின் பல்லாயிரம் புரதங்களுக்கும் அடிப்படை. எந்த அமிலத்தை அடுத்து எந்த அமிலம் வரவேண்டும் என்னும் கட்டளையை மரபணு தருகிறது. எனினும், இவ்வாறு உருவாகும் சங்கிலி நீண்டு கிடக்கும் நிலையில் எப்பணியும் செய்வதில்லை. அது சுருண்டும் மடிந்தும் ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண வடிவத்தை அடைந்த பின்னரே உயிர்ச்செயலில் ஈடுபடுகிறது.

அவ்வடிவத்தை அடைவதற்கான செய்தி முழுவதும் அமினோ அமில வரிசையிலேயே அடங்கியுள்ளது என்பதை அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சென் நிறுவினார். ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் மடிப்பை வேதிப்பொருள்களால் குலைத்த அவர், அப்பொருள்களை நீக்கியதும் நொதி தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்புவதைக் கண்டார். அவருக்கு 1972ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு வளைய இயலும் என்னும் வினாவுக்குச் சென்னையிலிருந்து விடை கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், தம் உடன் ஆய்வாளர்களான சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963ஆம் ஆண்டு ஒரு வரைபடத்தை வெளியிட்டார். சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரு சுழற்சிக் கோணங்களைக் கணக்கிட்டு, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் அமையக்கூடிய நிலைகள் எவை என்பதை அவ்வரைபடம் காட்டியது. சுருள் வடிவமும் தாள் வடிவமும் அதில் தனித்தனிப் பகுதிகளில் அமைகின்றன. இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்கும் அது, இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் கருவியாகப் பயன்படுகிறது.

உயிரணுவின் உள்ளே நெருக்கம் மிகுதி. அந்நெருக்கத்தில் மடிப்புத் தவறாமல் நடைபெற, துணைநிற்பதற்கென்றே சில புரதங்கள் உள்ளன. மீறித் தவறாக மடிந்தவற்றைச் சிதைத்து அகற்றும் ஏற்பாடும் உயிரணுவில் உண்டு. இவ்விரு காவல்களையும் கடந்து எஞ்சும் பிழையே நோயாகிறது.

பெயர் வந்த வரலாறு

செருமானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ச்சோ, 1854ஆம் ஆண்டில் மூளைத் திசுவில் காணப்பட்ட சில மணிகளின்மேல் அயோடினை இட்டுச் சோதித்தார். மாவுப்பொருளில் அயோடின் பட்டால் நீலநிறம் தோன்றும் என்பது பள்ளி ஆய்வகத்திலும் செய்துபார்க்கும் சோதனையே. மணிகளும் நீலநிறம் காட்டின. எனவே, அவற்றை மாவுப்பொருள் சார்ந்தவை எனக் கருதிய ஃபிர்ச்சோ, மாவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'அமிலாய்டு' என்னும் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். கல்லீரல், மண்ணீரல் முதலிய உறுப்புகளில் காணப்படும் மெழுகு போன்ற படிவுகளுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

ஐந்தாண்டுகளுக்குப் பின் நிக்கோலஸ் ஃபிரீட்ரைக்கும், பின்னாளில் பென்சீன் வளையத்தின் அமைப்பை விளக்கிப் புகழ்பெற்ற ஆகஸ்ட் கெக்குலேயும் இப்படிவைப் பகுத்தாய்ந்தனர். அதில் நைட்ரஜன் மிகுந்திருந்தது. மாவுப்பொருளில் நைட்ரஜன் இல்லை, புரதத்தில் உண்டு. ஆகவே, படிவு புரதம் என்பது உறுதியாயிற்று. பொருள் பிழையெனத் தெரிந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பருத்தித் துணிக்கு ஏற்றும் காங்கோ சிவப்பு என்னும் சாயம் அமிலாய்டில் பற்றிக்கொள்கிறது என்பது 1922இல் அறியப்பட்டது. அவ்வாறு சாயமேறிய திசுவைத் தளவிளைவுற்ற ஒளியில் காணும்போது, அது பச்சை ஆப்பிளின் நிறத்தில் ஒளிர்வது 1927இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியும் அப்பச்சை ஒளிர்வே அமிலாய்டின் உறுதியான அடையாளமாக விளங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

அமிலாய்டு படிந்த மண்ணீரலை அறுத்துப் பார்க்கும்போது, வெட்டுப் பரப்பில் வேகவைத்த சவ்வரிசியைப் போன்ற ஒளி ஊடுருவும் மணிகள் சில நேரங்களில் தென்படும். நோயியல் நூல்கள் அதனைச் 'சவ்வரிசி மண்ணீரல்' என்றே குறிப்பிடுகின்றன.

இழை உருவாகும் முறை

1959ஆம் ஆண்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் அமிலாய்டை ஆராய்ந்தபோது, அது உருவமற்ற பிசின் அன்று. ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமன் உடைய, கிளைக்காத இழைகளின் தொகுப்பு என்பது புலனாயிற்று. அடுத்த பத்தாண்டில் எடுக்கப்பட்ட எக்ஸ்கதிர்ப் படங்கள் அவ்விழையின் உள்ளமைப்பைக் காட்டின. புரதச் சங்கிலிகள் இழையின் நீளத்துக்குக் குறுக்காக, ஏணியின் படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. படிக்கும் படிக்கும் இடைவெளி 4.7 ஆங்ஸ்ட்ராம். அவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகப் பிணைத்து வைக்கின்றன. அதனால், புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் இவ்விழையை எளிதில் தீண்ட முடிவதில்லை.

இழை தோன்றுவதைக் கற்கண்டு விளைவதோடு ஒப்பிடலாம். செறிந்த சர்க்கரைப் பாகு நெடுநேரம் தெளிவாகவே இருக்கும். நூலைத் தொங்கவிட்டால் அதில் முதல் படிகம் ஒட்டும்; பின்னர் அதன்மேல் மளமளவெனப் படிகங்கள் வளரும். புரதத்திலும் முதற்கரு தோன்றுவதே கடினம். அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். கரு தோன்றிய பின்போ, அருகில் வரும் இயல்பான மூலக்கூறுகளும் அதனோடு சேர்ந்து அவ்வடிவத்தையே ஏற்கின்றன. அமிலாய்டு நோய்கள் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் வெளிப்படுவதற்கும், வெளிப்பட்ட பின் விரைந்து முற்றுவதற்கும் இதுவே காரணம்.

கரு தோன்றுவதற்கான சூழல்கள் நான்கு:

1. புரதம் அளவுக்கு மீறிச் சுரத்தல். நாட்பட்ட அழற்சியில் இவ்வாறு நிகழ்கிறது.
2. வெளியேற வேண்டிய புரதம் வெளியேறாமல் தேங்குதல். சிறுநீரகம் செயலிழந்தோரிடம் இதனைக் காணலாம்.
3. மரபணு மாற்றத்தால் ஓர் அமினோ அமிலம் மாறி, மடிப்பு நிலைகுலைதல்.
4. முதுமையில் உயிரணுவின் காவல் ஏற்பாடுகள் தளர்தல்.

அமிலாய்டு வடிவம் எல்லா இடத்திலும் கேடானதன்று. மூளையடிச் சுரப்பியில் சில இயக்குநீர்கள் இவ்வடிவிலேயே சேமித்து வைக்கப்படுகின்றன. தோலுக்கு நிறமூட்டும் மெலனின் உருவாவதற்கும் ஓர் அமிலாய்டு இழை தளமாக உதவுகிறது. கட்டுப்பாட்டுக்குள் இருக்கும்போது கருவியாகும் ஒன்று, கட்டுப்பாட்டை மீறும்போது கேடாகிறது.

அமிலாய்டின் வகைகள்

எப்புரதம் படிகிறது என்பதைக் கொண்டே இந்நோய் வகைப்படுத்தப்படுகிறது. மனித உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இவ்வாறு படியக்கூடியவை. அவற்றுள் உடல் முழுதும் பரவுவன, ஓர் உறுப்பில் மட்டும் தங்குவன என இரு பெரும் பிரிவுகள் உண்டு.

இலேசான சங்கிலி அமிலாய்டு: எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. ஒவ்வோர் எதிர்ப்பொருளிலும் இரு கனமான சங்கிலிகளும் இரு இலேசான சங்கிலிகளும் உள்ளன. ஏதேனும் ஒரு பிளாஸ்மா செல் கட்டுப்பாடின்றிப் பெருகினால், அது வெளியிடும் இலேசான சங்கிலிகள் குருதியில் மிகுந்து, இதயம், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் படிகின்றன. பரவும் வகைகளுள் விரைந்து உயிருக்கு ஊறு செய்வது இதுவே.

அழற்சிவழி அமிலாய்டு: உடலில் அழற்சி நேரும்போது கல்லீரல் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மிகுதியாகச் சுரக்கும். அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், அப்புரதத்தின் துண்டுகள் முதன்மையாகச் சிறுநீரகத்தில் படிகின்றன. மேலை நாடுகளில் முடக்குவாதம் போன்ற மூட்டு நோய்கள் இதற்குப் பெரிதும் காரணமாகின்றன. இந்தியாவிலோ காசநோய் முதன்மையான காரணங்களுள் ஒன்று. காசநோய்க்கு உரிய மருந்தை இடையில் நிறுத்தாமல் முழுமையாக உட்கொள்வது நுரையீரலை மட்டுமன்றிச் சிறுநீரகத்தையும் காக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

குருதிச் சுத்திகரிப்புவழி அமிலாய்டு: சிறுநீரகம் வடித்து அகற்ற வேண்டிய பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் சிறு புரதத்தைச் சுத்திகரிப்புக் கருவியால் முழுமையாக அகற்ற இயலுவதில்லை. பல்லாண்டுகள் இச்சிகிச்சையில் இருப்போரின் எலும்புகளிலும் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் அது படிகிறது.

ஓர் உறுப்பில் தங்குவன: அல்சைமர் நோயில் மூளையின் நரம்பணுக்களுக்கு வெளியே பீட்டா அமிலாய்டும், உள்ளே டௌ என்னும் புரதமும் திரள்கின்றன. அலோய்ஸ் அல்சைமர், 1906இல் தாம் விளக்கிய நோயாளியின் மூளையில் கண்டவை இவ்விரண்டுமே. பீட்டா அமிலாய்டு 40 அல்லது 42 அமினோ அமிலங்களைக் கொண்ட சிறு துண்டு. அதன் மூலப்புரதத்துக்குரிய மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. எனவேதான், அக்குரோமோசோம் மூன்றாக அமைந்த டவுன் நோய்க்குறி உடையோருக்கு இந்நோய் இளவயதிலேயே வரும் வாய்ப்பு மிகுதி. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் நரம்பணுக்களில் திரள்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் அமிலின் படிகிறது. இன்சுலினை நாள்தோறும் ஒரே இடத்தில் செலுத்திக்கொண்டால், ஊசி இடும் இடத்தில் அந்த இன்சுலினே அமிலாய்டுக் கட்டியாக மாறக்கூடும். அதன்பின் அவ்விடத்தில் செலுத்தும் மருந்து முழுப்பயன் தருவதில்லை. இடத்தை மாற்றி மாற்றி ஊசியிட வேண்டும் என்னும் அறிவுரையின் காரணங்களுள் இதுவும் ஒன்று.

போர்ச்சுகல் கடற்கரையின் கால்நோய்

அமிலாய்டு நோய்களின் காரணத்தையும் மருத்துவத்தையும் ஒருசேர விளக்கவல்லது டிரான்ஸ்தைரெட்டின் வகையாகும். போர்ச்சுகலின் வடபகுதியில், போர்ட்டோ நகருக்கு வடக்கே போவோவா டி வர்சிம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்குள்ள சில குடும்பங்களில், இருபது முப்பது வயதிலேயே பாதங்களில் உணர்விழப்புத் தோன்றியது. சுடுமணலும் தணலும் பட்டால்கூடக் காலில் உணர்வு எழாது. பின்னர் அது மேலேறி, நடை தளர்ந்து, உடல் மெலிந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் உயிர் பிரியும். அம்மக்கள் அதைப் 'பாத நோய்' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். தாய்க்கோ தந்தைக்கோ வந்தது தமக்கும் வருமோ என்னும் அச்சத்திலேயே அக்குடும்பத்து இளைஞர் வளர்ந்தனர்.

போர்ட்டோவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கொரினோ அந்த்ராதே, அப்பகுதியிலிருந்து வந்த நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தொழுநோயும் உணர்விழப்பை உண்டாக்கும். ஆயினும், இது அதனின் வேறு என அவர் தெளிந்தார். நரம்புகளில் அமிலாய்டு படிந்திருப்பதையும், நோய் பரம்பரையாகத் தொடர்வதையும் நிறுவி 1952இல் வெளியிட்டார். பின்னர் இதே நோய் சுவீடனிலும் ஜப்பானிலும் கண்டறியப்பட்டது.

படிந்தது டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம். தைராக்சின் இயக்குநீரையும் உயிர்ச்சத்து 'ஏ'யையும் குருதியில் சுமந்து செல்வது இது. கல்லீரலில் உருவாகும் இப்புரதம் நான்கு அலகுகள் கூடி அமைந்தது. ஒவ்வோர் அலகும் 127 அமினோ அமிலங்களைக் கொண்டது. போர்ச்சுகல் குடும்பங்களில் முப்பதாம் இடத்தில் வேலின் இருக்க வேண்டிய இடத்தை மெத்தியோனின் பிடித்திருந்தது. அந்த ஒரே மாற்றத்தால் நான்கு அலகுகளின் பிணைப்புத் தளர்ந்தது. பிரிந்த அலகு மடிப்புக் குலைந்து இழையாகியது. பெற்றோரில் ஒருவரிடம் இம்மரபணு இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அதே நாட்டில் மற்றொரு வியப்பும் கண்டறியப்பட்டது. ஒரு குடும்பத்தில் நோய் மரபணுவைப் பெற்றும் சிலர் நலமாக இருந்தனர். அவர்களுடைய மற்றொரு மரபணுப் பிரதியில், 119ஆம் இடத்தில் வேறொரு மாற்றம் இருந்தது. அது நான்கு அலகுகளையும் பிரியவிடாமல் இறுக்கிப் பிடித்தது. ஒரு மாற்றம் கெடுத்ததை மற்றொரு மாற்றம் காத்தது. இயற்கை காட்டிய இவ்வழியிலேயே மருந்தும் பிறந்தது. தைராக்சின் தங்கும் இடத்தில் பொருந்தி நான்கு அலகுகளையும் பிணைத்து நிறுத்தும் டாஃபாமிடிஸ் என்னும் மருந்து, 2011இல் ஐரோப்பாவில் ஏற்கப்பட்டது.

அதற்கு முன்பே, புரதம் பிறக்கும் கல்லீரலையே மாற்றும் அறுவை மருத்துவம் 1990இல் சுவீடனில் தொடங்கியது. அவ்வாறு அகற்றப்பட்ட கல்லீரல், பிழையான புரதத்தைச் சுரப்பதைத் தவிர மற்ற எல்லா வகையிலும் நலமானது. எனவே, கல்லீரல் முற்றிலும் செயலிழந்து இறக்கும் நிலையில் உள்ள வேறொருவருக்கு அதைப் பொருத்தும் முறையை 1995இல் போர்ச்சுகலின் கோயிம்பிரா நகர மருத்துவர்கள் மேற்கொண்டனர். பெற்றவருக்கும் பல்லாண்டுகள் கழித்து அந்நோய் வரக்கூடும். ஆயினும், அதுவரை அவருக்கு வாழ்வு கிடைத்தது. நோயாளியாக வந்தவரே கொடையாளியாகவும் ஆனார்.

பிழையான புரதம் உருவாவதையே தடுக்கும் மருந்து அடுத்து வந்தது. மரபணுவின் கட்டளையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை அழிக்கும் பாட்டிசிரான், 2018இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையில் செயல்படும் மருந்துகளுள் உலகில் முதலில் ஏற்பளிக்கப்பட்டது அதுவே. மரபணு மாற்றம் ஏதுமின்றி, முதுமையிலும் இதே புரதம் இதயத்தில் படிவதுண்டு. ஆண்களிடமே அது மிகுதி.

உறுப்புகளில் விளையும் கேடுகள்

படிவு எங்குத் தங்குகிறதோ அதற்கேற்பக் கேடு வேறுபடும். சிறுநீரகத்தின் வடிப்பான்களில் படிந்தால், குருதிப்புரதம் சிறுநீரில் ஒழுகும், சிறுநீர் நுரைக்கும், கால்களும் முகமும் வீங்கும். இதயத் தசையில் படிந்தால் அதன் சுவர் தடித்து விறைக்கும். விரிந்து குருதியை ஏற்க இயலாமல் மூச்சுத்திணறல் உண்டாகும். நரம்புகளில் படிந்தால் பாதங்களில் மதமதப்பும் எரிச்சலும் தோன்றும். எழுந்து நிற்கையில் குருதி அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். குடலில் படிந்தால் வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் நேரும். இலேசான சங்கிலி வகையில் சிலருக்கு நாக்குத் தடித்து, ஓரங்களில் பல்லின் தடம் பதியும். கண்களைச் சுற்றிக் கன்றியது போன்ற கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். இரு மணிக்கட்டுகளிலும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவது, இதயநோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் அறிகுறியாக இருக்கலாம்.

இவ்வறிகுறிகள் ஒவ்வொன்றும் வேறு பல நோய்களிலும் காணப்படுவன. ஆகவே, நோயாளி இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் எனப் பல மருத்துவர்களை நாடிக் காலத்தை இழக்க நேர்கிறது. படிந்த இழையை அகற்றுவது அரிது. புதிதாகப் படியாமல் தடுப்பதே இன்று இயலுவது. எனவே, இந்நோயில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் உறுப்பின் இழப்பாகிறது.

கண்டறிதலும் மருத்துவமும்

வயிற்றுத் தோலின் அடியிலிருந்து ஊசியால் எடுக்கும் சிறிதளவு கொழுப்பைக் காங்கோ சிவப்பால் சாயமேற்றிப் பார்ப்பது எளிய சோதனை. பச்சை ஒளிர்வு தென்பட்டால் மட்டும் போதாது. படிந்த புரதம் எது என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஒரு வகைக்குரிய மருந்து மற்றொரு வகைக்குப் பயன்படாது என்பதோடு, தீங்கும் செய்யக்கூடும். இலேசான சங்கிலி வகைக்குப் பிளாஸ்மா செல்களை அழிக்கும் மருந்துகள் தேவை. அழற்சிவழி வந்ததற்கு மூலநோயைத் தணிப்பதே மருத்துவம். அல்சைமர் நோயில் பீட்டா அமிலாய்டை அகற்றும் எதிர்ப்பொருள் மருந்துகள் அண்மையில் வந்துள்ளன. அவை நினைவிழப்பை ஓரளவு தாமதப்படுத்துகின்றனவே தவிர, நிறுத்துவதில்லை.

தெரியுமா?

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். குறிஞ்சி நிலத்துக்குரிய மலராகச் சங்க இலக்கியம் போற்றும் இச்செடியைக் கண்வலிக் கிழங்கு என்றும் அழைப்பர். திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இதன் விதைக்காகவே இது பயிரிடப்படுகிறது. விதையில் உள்ள கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள், மத்தியதரைக் கடல் நாட்டு மக்களிடம் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சல் நோயைத் தணித்து, அதனால் சிறுநீரகத்தில் அமிலாய்டு படிவதையும் தடுக்கிறது. எனினும், செங்காந்தள் செடியின் எல்லாப் பகுதிகளும் கொடிய நச்சுத்தன்மை உடையவை. அளவறிந்து தூய்மை செய்யப்பட்ட மருந்தாக, மருத்துவர் அறிவுரைப்படி மட்டுமே கோல்ச்சிசின் பயன்படும்.

முடிவுரை

மாவுப்பொருள் எனப் பிழையாகப் பெயர்பெற்ற ஒரு படிவு, புரதத்தின் மடிப்பைப் பற்றிய அறிவாக வளர்ந்துள்ளது. ஒரு கடற்கரை ஊரின் சில குடும்பங்கள் பட்ட துயரத்தைக் கூர்ந்து கேட்ட மருத்துவரால், இன்று உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்கு மருந்து கிடைத்திருக்கிறது. நுரைக்கும் சிறுநீரையும், காரணம் தெரியாத கால் மதமதப்பையும், இரு கைகளிலும் மரத்துப்போகும் விரல்களையும் முதுமையின் இயல்பு எனப் புறந்தள்ளாமல், உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுவதே இவ்வறிவின் பயனாகும்.

கலைச்சொல் அறிவோம்

அமிலாய்டு – மடிப்புப் பிறழ்ந்த புரதத்தின் கரையாத இழைப்படிவு
அழற்சி – காயம், தொற்று முதலியவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை
இயக்குநீர் – சுரப்பிகள் குருதியில் கலக்கும் செயலூக்கப் பொருள்
எதிர்ப்பொருள் – நோய்க்கிருமியைப் பற்றி அழிக்க உதவும் புரதம்
நொதி – உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம்

கற்பவை கற்றபின்...

1. கற்கண்டு விளையும் முறையையும் அமிலாய்டு இழை வளரும் முறையையும் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.
2. காசநோய் மருந்தை இடையில் நிறுத்துவதால் வரும் தீங்குகளை விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

பலவுள் தெரிக

1. அமிலாய்டு மாவுப்பொருள் அன்று, புரதமே என்பதை உணர்த்தியது எது?
அ) அயோடின் காட்டிய நீலநிறம்
ஆ) படிவில் மிகுந்திருந்த நைட்ரஜன்
இ) மண்ணீரலின் தோற்றம்
ஈ) மெழுகு போன்ற தன்மை

2. கூற்று: குருதிச் சுத்திகரிப்பில் பல்லாண்டுகள் இருப்போரின் மூட்டுகளில் அமிலாய்டு படிகிறது.
காரணம்: பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைக் கருவியால் முழுமையாக அகற்ற இயலுவதில்லை.
அ) கூற்று சரி, காரணம் தவறு
ஆ) கூற்று தவறு, காரணம் சரி
இ) கூற்றும் காரணமும் சரி
ஈ) கூற்றும் காரணமும் தவறு

குறுவினா

1. இராமச்சந்திரன் வரைபடம் எதனைக் காட்டுகிறது?
2. இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் செலுத்தக் கூடாது என்பதற்குரிய காரணத்தை எழுதுக.

சிறுவினா

1. அமிலாய்டு தோன்றுவதற்கான சூழல்களைத் தொகுத்து எழுதுக.
2. 'நோயாளியாக வந்தவரே கொடையாளியாகவும் ஆனார்' – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

போர்ச்சுகல் மீனவக் குடும்பங்களின் நோய், அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் கற்பித்தவற்றைக் கட்டுரையாக வரைக.